கரும்பலகையில் ஐயாவின் முகம்

எழுத்து சின்னதாக இருந்தால் உபயதாரர் கத்துவார். பெரிதாக இருந்தால் ஹம்சா டீச்சர் கத்துவார். ஆறு வருஷமாகக் கனகராஜ் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கோடம்பாக்கத்தில் சாரத்தின் மேல் நின்று ஆளுயர மூக்கைக் கோணலில்லாமல் வரைந்த பேனர்காரன், மயிலாப்பூரில் ஒரு கையகல எழுத்துக்காக ஏச்சு வாங்கினான். அந்த ஆத்திரம் அவனுக்கு இன்றைக்கும் அடங்கவில்லை. கொடுக்கிறவன் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? பிள்ளைகள் எழுதுகிற இடத்தில் வந்து ஏன் சம்மணம் போட்டு உட்கார வேண்டும்?

விஷயம் இதுதான். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்றால் பல இடங்களில் ஒரே ஒரு கூடம்தான். ஐந்து வகுப்பும் அதற்குள்ளேயே. டீச்சரின் அப்பா ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். மூன்றாம் வகுப்பு வரைக்கும் டீச்சர் படித்தது அப்படி ஒரு கூடத்தில். இருந்த ஒற்றைப் பலகை பெரிய வகுப்புக்கு. மற்றவர்களுக்கு வாத்தியார் வாயால் சொல்வதுதான் பாடம். பிறகு குடும்பம் மயிலாப்பூருக்கு வந்தது. ஹம்சா படித்துக் கணக்கு டீச்சரானார். கல்யாணம் என்ற பேச்சை வீட்டில் எடுத்தவர்கள் ஓய்ந்து போனார்கள். ரிட்டயரானதும், தன்னைப் போல ரிட்டயராகி வீட்டில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரைச் சேர்த்து 'மலைப்பள்ளி உதவிக் குழு' என்று ஆரம்பித்தார். சம்பளம் இல்லை, ஆபீஸ் இல்லை. மாட வீதிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டு முன்னறைதான் எல்லாம்.

மரப்பலகையை அவ்வளவு தூரம் யார் சுமப்பது? அதனால் காடாத் துணியில் கறுப்புப் பெயின்ட் பூசி, மேலும் கீழும் சட்டம் அடித்தால், பாய் மாதிரிச் சுருட்டிக் கொள்ளலாம். ஆணியில் மாட்டினால் பலகை. பூசுவதும் எழுதுவதும் கனகராஜின் வேலை. கொழும்புக்குச் சேலை கொண்டுபோகிற வியாபாரிகள் மூட்டையோடு மூட்டையாக எடுத்துப் போவார்கள். மீனம்பாக்கத்தில் ஒரு கஸ்டம்ஸ்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, படமே இல்லாத பேனரா?" என்று கேட்டாராம்.

பலகையில் முதலில் பணம் கொடுத்த உபயதாரர் பெயர் மட்டும்தான் இருந்தது. பிறகு அமரரான அப்பா, அம்மா வந்தார்கள். பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் கடையின் போன் நம்பரையும் போடச் சொன்னார்.

"ஹட்டன்ல கீற புள்ள மாம்பலத்துக்கு போன் போட்டு ஜாக்கெட் துணி வாங்குமா சார்?" என்று கனகராஜ் கேட்டான்.

"நீ எழுதுப்பா," என்றார் குழுவின் செயலாளர் ஸ்ரீரங்கன். ரயில்வேயில் கணக்குப் பார்த்தவர். "பேர் போடலேன்னா எவன் குடுப்பான்?"

"பின்பக்கமா எழுதட்டுமே," என்பார் டீச்சர்.

"பின்பக்கத்தை யாரு படிப்பா? செவுரா?"

ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பேச்சு. டீச்சர் ஸ்கேலை எடுத்துப் பலகையில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து காட்டுவார். யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். காபி ஆறிக் கொண்டிருக்கும்.

தொண்ணூற்றாறில் தி.நகர் பாத்திரக்கடை சிதம்பரநாதன் வந்து சேர்ந்தார். நாற்பது பலகை, மொத்தமும் அவர் பொறுப்பு. டீச்சர் மனதில் வைத்திருந்த அத்தனை பள்ளிக்கும் அதோடு கிடைத்துவிடும். கனகராஜையும் கூட்டிக்கொண்டு டீச்சர் கடைக்குப் போனார். எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனுஷர் எடுத்த எடுப்பில் சொன்னார்:

"பேரெல்லாம் வேண்டாம்மா."

டீச்சரின் முகம் அப்படி மலர்ந்து கனகராஜ் பார்த்ததே இல்லை.

"எங்கய்யா படம் போதும். இவுக சினிமா பேனர் வரையறவுகளாமே?"

டீச்சர் கேட்டார்: "படத்தை எங்கே போடறது?"

"நடுவுலதான். பிள்ளைக பாத்துப் படிக்கணும்லா?"

"அப்போ கணக்கை எங்கே போடறது?"

"ஓரத்துல போடட்டும்மா."

கனகராஜுக்குப் பொறுக்கவில்லை. "மொதலாளி, உங்க நைனா மூக்கு மேலயே ஏழாம் வாய்ப்பாட்டை எழுதுவானுங்க. பரவால்லியா?"

சிதம்பரநாதன் கோபப்படுவார் என்றுதான் நினைத்தான். அவர் கல்லாவுக்கு மேல் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். "எங்கய்யா தலையில பானை சுமந்து வித்தவுக. பள்ளிக்கூடத்து வாசலுக்கு வெளியதான் நின்னு கூவியிருக்காக. உள்ள போனதே கிடையாது. அவுக உள்ள போகணும்மா. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக் கொண்டிருந்தார். லஸ் வந்ததும், "அந்த மனுஷன் மேல கோவிச்சுக்கவும் முடியலை, கனகராஜ்," என்றார்.

அடுத்த கூட்டத்தில், படம் போடலாம் என்று ஐந்து கை உயர்ந்தது. உயராத கை டீச்சருடையது மட்டும்தான். "நான் இருக்கிறவரைக்கும் போகாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்ரீரங்கன் கனகராஜைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

மழைக்காலம் முழுக்க நாற்பது துணியும் கறுப்புப் பூச்சோடு அவன் கொட்டகையில் கிடந்தன. அங்கே மலையில் பள்ளி திறந்து வகுப்பும் தொடங்கியாயிற்று. வாத்தியார்கள் வியாபாரிகளிடம் கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். சிதம்பரநாதன் நெருக்கவும் இல்லை, விடவும் இல்லை. படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து கொட்டகையில் மாட்டிவிட்டுப் போனார். "பாத்து வரையறதுக்குத்தான், அவசரமில்ல." கனகராஜ் தினமும் அந்தப் பெரியவர் முகத்தில்தான் விழித்தான். நல்ல முகம் வேறு. வரையக் கை துடித்தது. வரையவும் வழியில்லை, அனுப்பவும் வழியில்லை. டீச்சரின் பிடிவாதத்தை நினைத்தால் எரிச்சலாக இருந்தது. ஸ்ரீரங்கனை நினைத்தால் அதைவிட எரிச்சல்.

அதற்குள் டீச்சருக்கு நெஞ்சு வலி வந்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கனகராஜ் சாத்துக்குடியோடு போனான். அதற்கடுத்த வாரம் டீச்சர் இல்லை. ஆகையால் அன்றைக்குக் கேட்டதுதான் கடைசி.

"நாப்பதுலேயும் படத்தை வரை," என்றார்.

கனகராஜ் வாயைப் பிளந்தான். "இன்னா டீச்சர், இத முன்னயே சொல்லியிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்குமே!"

"முழுக்கக் கேளு. அந்தப் பெரியவர் அச்சா அப்படியே இருக்கணும். ஏனோ தானோன்னு இழுக்கப்படாது. சிதம்பரநாதன் ஒவ்வொண்ணா பார்த்துக்கட்டும், போட்டோ எடுத்துக்கட்டும். ஆனா ஆயில் பெயின்ட் வேண்டாம். ஈரத்துணி பட்டா போயிடற கலர்ல வரை."

அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் கோபம் வந்தது. "நாப்பது மூஞ்சியும் தொடைக்கறதுக்கா வரையணும்? நாப்பது!"

"ஆமா."

"அந்த மொதலாளிக்கு?"

"அவர்கிட்ட நானே சொல்லிட்டேன். இங்க வந்திருந்தார். கொஞ்ச நேரம் அழுதார், அப்புறம் சரின்னார். முதல் நாள் பூரா அவரோட அப்பா நடுக்கூடத்துல இருக்கட்டும். வாத்தியார் எழுந்து நின்னு அவர் யாருன்னு சொல்லட்டும், பசங்க பார்க்கட்டும். மறுநாள் காலம்பற துடைச்சுடணும். எடுத்துண்டு போறவா ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைச் சொல்லி அனுப்பணும். ஸ்ரீரங்கன் சொல்லமாட்டார். நீ வரைஞ்சது, நீயே சொல்லு."