படத்தில் இல்லாத பாதை

2009-ஆம் ஆண்டு. ஒரகடத்தைச் சுற்றி எங்கே திரும்பினாலும் வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டுக்கொண்டிருந்த காலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நான், ஸ்ரீபெரும்புதூரில் வீட்டுமனைப் பிரிவுகளுக்கு வரைபடம் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். என் படத்தில் ஒரு கோடு கூடப் பிசகாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

வல்லம் வடகால் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழெட்டு ஏக்கரை மனைகளாகப் பிரிக்கும் வேலை வந்தது. தாலுகா அலுவலகத்தில் வாங்கிய சர்வே புலப்படத்தை வைத்து சாலை, பூங்கா, மனைகள் எல்லாவற்றையும் மேசையில் உட்கார்ந்தே வரைந்தேன். கல் நடும் அன்று மட்டும் நிலத்துக்குப் போனேன். நடுவில் ஓடிய அகலமான வரப்பில் காய்ந்த சாமந்திப் பூவும் பொரியும் சிதறிக் கிடந்தன. அது என்ன வழி என்று எனக்குப் புரியாமல் இல்லை. சவ ஊர்வலத்தில்தான் அப்படி இறைத்துக்கொண்டு போவார்கள். புலப்படத்தில் பாதை எதுவும் இல்லையே, நமக்கெதற்கு வம்பு என்று வரப்பின் மேலேயே கல் நடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மனைப்பிரிவுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஊராட்சி தீர்மானம் போட்டால்தான் படம் மேலே போகும். அந்தக் கூட்டத்தில் விளக்கம் சொல்ல என்னை அனுப்பினார்கள். நிலத்தை வாங்கியிருந்த புரமோட்டர், தலைவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூங்கா, முப்பது அடிச் சாலை, கம்பெனிகளால் ஊருக்கு வரப்போகும் வளர்ச்சி என்று நானும் அளந்துவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கையெழுத்துதான் பாக்கி.

அப்போது ஒரு பெண் வார்டு மெம்பர் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஊர்க்கோடியில் இருக்கும் காலனிக்காரர். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து நீலக் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"காலனி எங்க கீது, சுடுகாடு எங்க கீது, காட்டு சார்" என்றார்.

காட்டினேன். படத்தின் ஒரு ஓரத்தில் அது, மறு ஓரத்தில் இது. இடையில் முழுக்க என் மனைகள்.

"அப்போ செத்தா நாங்க எப்டி சார் போறது?"

பதிவேட்டில் பாதை கிடையாது என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்று தலைவரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் கிளம்ப, நான் கடுப்போடு பின்னால் போனேன். புரமோட்டர் போனில் பேசிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

காலனியின் கடைசி வீட்டிலிருந்து வரப்பில் ஏறி நடந்தோம். பாதி தூரத்தில் ஒரு கல்லருகே அவர் நின்றார். அதில் மனை எண் என் கையெழுத்திலேயே இருந்தது.

"இதுல வூடு கட்றவரு, அவரு ஹாலு வழியா எங்கள உடுவாரா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"போன வாரம் எங்க மாமியார இப்டிதான் தூக்கினு போனோம். முன்னாடி தூக்கினவரு இந்தக் கல்லுல தடுக்கி, பாடை சாஞ்சிட்ச்சி. புடுங்கிப் போடலாம்னு பசங்க கைய வெச்சாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். கூட்டத்துல கேட்டுக்கலாம்னு" என்றார்.

எங்கள் ஊரில் என் அப்பாவின் பாடைக்கு முன்னால் நான் கொள்ளிச்சட்டியோடு நடந்ததும் இப்படி ஒரு வரப்பில்தான். அதுவும் எந்தப் படத்திலும் கிடையாது. இவ்வளவு தெரிந்தும் பூவின் மேலேயே கல் நடச் சொன்னேனே என்று கூனிக் குறுகிப்போனேன்.

திரும்பி வந்ததும், படம் தப்பு, பாதை இருப்பது தெரிந்தேதான் கல் நட்டேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். யாரிடம் சம்பளம் வாங்குகிறாய் என்று புரமோட்டர் பல்லைக் கடித்தார். தலைவர் தீர்மானத்தைத் தள்ளி வைத்தார். பிறகு அந்த வரப்பையே இருபது அடிப் பொதுச்சாலையாக்கி, சில மனைகளைக் குறைத்துப் படத்தைத் திருத்தினேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. அந்தப் புரமோட்டர் அதற்கப்புறம் எங்கள் அலுவலகப் பக்கமே வரவில்லை. முதலாளியிடம் நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

ஐந்து வருடம் கழித்து, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் அந்தப் பக்கம் போனேன். வரப்பாக இருந்த அந்தச் சாலையின் முனையில் ஒரு கம்பெனி பஸ் நின்றிருந்தது. எங்கள் ஆட்டோவும் நின்றது. மேளச் சத்தத்தோடு காலனியிலிருந்து ஒரு பாடை வந்தது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஆட்டோவில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் இறங்கி ஓரமாக நின்றேன். தூக்கி வந்த நால்வரும் தார்ச்சாலையில் எங்கும் தடுக்காமல் என்னைக் கடந்து போனார்கள்.

இன்றும் எந்த ஊர் நிலத்தைப் பிரிப்பதானாலும், வரைய உட்காரும் முன் அங்கே போய், உங்கள் ஊரில் செத்தவர்களை எந்த வழியாகத் தூக்கிப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். மாமியாரின் பாடை சாய்ந்தபோதும் என் கல்லைப் பிடுங்கி எறியாமல், கூட்டம் வரை பொறுத்திருந்து கேட்ட அந்தப் பெண்ணுக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.