துளசிங்கம் குடித்த பச்சைச் சாறு

அம்மையார்குப்பம் துளசிங்கம் என் மனைவி வரலட்சுமியின் தம்பி. அக்கா புருஷனான என்னை 'பாவா' என்று கூப்பிடுவான். சொந்தமாகப் பவர்லூம் ஓட்டுகிறான். தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் பக்கத்தில் இருப்பவனிடமும் கத்தித்தான் பேசுவான். குடி, பீடி எதுவும் கிடையாது. ஆட்டுக்கறி என்றால் மட்டும் கொழுப்புத் துண்டு எங்கே என்று தேடுவான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரில் என் ஓட்டலை ஒற்றை ஆளாக உண்டாக்கினேன். எந்தச் சரக்கையும் முகர்ந்து பார்க்காமல் உள்ளே விடமாட்டேன். கடலை எண்ணெயில் பாமாயில் கலந்திருந்தால் மூடியைத் திறக்கும்போதே சொல்லிவிடுவேன். துளசிங்கம் கொண்டுவந்த பச்சைச் சாற்றை நான் மட்டும் நம்பாததற்கு அதுதான் காரணம்.

போன ஆனியில் அவன் வயிற்று வலியில் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையம் வீங்கியிருக்கிறது, ரத்தத்தில் கொழுப்பு ஏகமாக இருக்கிறது, எண்ணெயையும் கறியையும் விடாவிட்டால் அடுத்த தடவை உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர் ஷோபனா. வீடு திரும்பியவனிடம் ஆர்.கே.பேட்டை பரந்தாமன் ஒரு பாட்டிலை விற்றிருக்கிறான். இலைகளைக் காய்ச்சி வடித்த சாறாம். இதைக் குடித்தால் எவ்வளவு கொழுப்பு தின்றாலும் கணையம் தாங்குமாம்.

"இன்னா இலைடா?" என்று கேட்டேன்.

"அது ரகசியம் பாவா."

"விக்கிறவன் ரகசியம்னு சொல்லும்போதே தெரியல, திருட்டுத்தனம்னு?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். எங்க அக்கா போட்ற காபியக்கூட மோந்து பாத்துகினுதான குடிக்கிறீங்க?"

"ஆங், பாக்கறேன். அதான் இந்த வயசுலயும் கல்லு மாதிரி இருக்கேன்."

அதே வாரம் ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டான். காவடி செலுத்தி மாலையைக் கழற்றிய மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். வலி போயிருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் கொழுப்பு இறங்கியிருந்தது. ஒரு கையில் பாட்டில், மறு கையில் கறிப் பை.

"சாறு கணையத்த கழுவி உட்டுச்சு பாவா! யக்கா, கொழுப்பா பாத்து வாங்கியாந்தேன், நல்லா வறு!"

வரலட்சுமி வாணலியை எடுத்தாள். நான் அடுப்புக்குக் குறுக்கே நின்றேன்.

"மாலை போட்டுகினு இருந்தப்போ இன்னாடா தின்ன?"

"இன்னா தின்னுவாங்க? ஒருவேளை ரசம் சோறு, அப்புறம் பழம். கறிக்கடை இருக்கற தெருவுலகூட போவல."

"அப்போ உன்ன காப்பாத்துனது முருகனா, பரந்தாமனா?"

துளசிங்கம் ஜன்னல் வழியாக முருகன் கோயில் மலையைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும்தான்" என்றான்.

"ஒருத்தர் பேரச் சொல்லுடா!"

"முருகன்தான்." இவ்வளவு மெதுவாக அவன் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். வரலட்சுமி வாணலியைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதே பாட்டிலோடு அவனை டாக்டரிடம் இழுத்துப் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் குடிக்காதீர்கள், விரதத்தில் கொழுப்பை விட்டதுதான் உங்களுக்கு நல்லது செய்திருக்கும் என்றார் அவர். நான் அடுப்படியில் சொன்னதையே அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

துளசிங்கம் மறுபடி மாலை போட்டுக்கொண்டான். "டாக்டர் பேச்ச மீறிடுவேன் பாவா. சாமி பேச்ச மீற மாட்டேன்" என்றான்.

அதையும் நான் முழுசாக நம்பவில்லை. அம்மையார்குப்பம் கறிக்கடைக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இவன் அந்தப் பக்கம் தலை காட்டினால் எனக்கு உடனே போன் பண்ணு என்று.