அம்மா என்று எழுதிய படம்

தங்கச்சிமடத்து வீட்டின் முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே அம்மாவின் படம் மாட்டியிருக்கும். திருநாள் சேலை, கழுத்தில் ஜெபமாலை, இறுக மூடிய வாய். சனிக்கிழமைதோறும் சித்தி அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அந்தப் படத்தில் இருந்தது அம்மா இல்லை, சித்தியேதான். இது அய்யாவுக்கும் அவளுக்கும் எனக்கும் தெரியும். தம்பிக்கு மட்டும் தெரியாது.

தம்பியைப் பெற்ற மறுநாள் அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. நாடு சுதந்திரம் அடைந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய கோயில் திருநாளுக்குப் படம் பிடிப்பவர் ஒருவர் வந்திருந்தார். அம்மா ஆசையாகக் கேட்டாள். “மீன்பாடு சரியில்ல, அடுத்த திருநாளைக்குப் பாப்போம்” என்று அய்யா தட்டிக்கழித்துவிட்டார். அது அவரை அரித்துத் தின்றது. “இவன் வளந்து ஆத்தா எப்படி இருப்பான்னு கேட்டா எதக் காட்டுவேன்?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

அம்மாவும் அவள் தங்கையும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும். கடைசியில் அய்யா சித்தியையும் என்னையும் ரயிலேற்றி ராமநாதபுரத்து ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த சித்திக்குக் கண்ணீர் நிற்கவேயில்லை. ஸ்டுடியோக்காரர் மறுபடி மறுபடி பவுடர் பூசிவிட்டார். “அக்கா சேல நனையுது மச்சான், வெரசா எடுக்கச் சொல்லுங்க” என்றாள். திரும்பும்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துகொண்டிருக்க, அய்யா என்னைப் பக்கத்தில் இழுத்து, “தாயி, இன்னைக்கு எடுத்தது அம்மா படம். தம்பிக்கு அப்படித்தான் சொல்லணும், என்ன?” என்றார். தலையாட்டினேன். ஒரு வருடம் கழித்து அவர் சித்தியையே கட்டிக்கொண்டார். அந்தக் கலியாணத்துக்குப் படம் பிடிக்கவில்லை.

விவரம் தெரிந்த வயதில் தம்பி கேட்டான், “சித்தி, படத்துல அம்மா ஏன் ஒங்கள மாதிரியே இருக்கு?” “அக்கா தங்கச்சின்னா அப்படித்தாம்லே இருக்கும்” என்று சிரித்தாள். என்னிடம் தனியாக, “உசுரோட இருக்கையிலேயே தனக்குத்தானே மெழுகுதிரி கொளுத்துறவ நான் ஒருத்திதான்டி” என்பாள். அதற்கும் சிரிப்புதான்.

இப்போது தம்பிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். “பழைய படத்தையெல்லாம் ஒட்டி ஒரு ஆல்பம் செஞ்சு குடுக்கா” என்று கேட்டான். பெட்டியிலிருந்த படங்களைத் தரையில் பரப்பினேன். தம்பி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை, என் கலியாணம், புது மீன்பிடி வத்தையின் முன்னால் விறைப்பாக நிற்கும் அய்யா. எதிலும் சித்தி இல்லை. புதுநன்மையன்று தலைவலி என்றாள். என் கலியாணத்தில் படம் எடுக்கிற நேரம் பார்த்துக் காணாமல் போனாள். வெட்கம் என்று நினைத்து எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! அவளுடைய இன்னொரு படம் வீட்டில் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தம்பி கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் விலகி விலகிப் போயிருக்கிறாள். இத்தனை வயதுக்குப் பிறகுதான் இது புத்தியில் உறைத்தது.

அய்யாவும் சித்தியும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது, யாரைக் கேட்பது? அம்மா படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு, பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சித்தி என்று எழுதினால் தம்பியின் அம்மாவை நான் பிடுங்கிக்கொண்டது போலாகும். அம்மா என்று எழுதினால் சித்தி இந்தக் குடும்பத்திலேயே இல்லாதவளாகிவிடுவாள். அம்மா என்றே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தம்பி வந்தான். பேரனை மடியில் வைத்துக்கொண்டு, “இதுதாம்லே எங்காத்தா” என்று காட்டினான். கடைசிப் பக்கம் வரை புரட்டியவன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னக்கா, தூக்கி வளத்தவ படம் ஒண்ணுகூடவா இல்ல?”

“அவதான் படத்துக்கு நிக்கவே மாட்டாளே.”

“அவ மொகமே மறந்துகிட்டு வருதுக்கா” என்றான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “அம்மா மாதிரியேதாம்லே இருப்பா” என்றுதான் வந்தது.

அவன் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அவன் பக்கம் பார்க்க முடியவில்லை.