கராஜுக்குப் போகாத பிக்கப்

எங்கள் பிக்கப் இன்னொரு தடவை கராஜுக்குப் போனால் அதை விற்றுவிடுவது என்று நானும் மனைவியும் பேசி முடித்திருந்தோம். பேசியது நான். அவள் “ஓம்” என்றாள், அவ்வளவுதான். புங்குடுதீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவு. அவள் பிக்கப்பில் தாங்கியை ஏற்றி, உவர்க் கிணறு உள்ள வீடுகளுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு இது தேவையில்லாத வேலை என்பது என் கட்சி. கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி இரண்டு கதிரையைப் போட்டு இரண்டு பேரும் ஆறுதலாக இருக்கலாம் என்று நினைத்தேன். அவளுக்கு அப்படி இருக்க வராது.

ஒரு நாள் பிக்கப் திரும்பும்போதெல்லாம் முன்சில்லில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், அக்சிலின் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் எல்லாம் சில்லின் உட்பக்கத்தில் அப்பிக் கிடந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மண்டைதீவில் பழைய வாகனம் வாங்கும் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொன்னேன்.

“கராஜுக்குப் போனால்தானே விக்கிறதெண்டு கதைச்சனாங்கள்?” என்றாள் அவள்.

“ஓம்.”

“அப்ப இது போகாது. வீட்டு முத்தத்திலை வச்சு நானே மாத்துறன். நீங்கள் ரவுண் கடைக்குச் சொல்லி ஒரு அக்சில் எடுப்பிச்சுத் தாங்கோ.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. கராஜுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நான் மர நிழலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பேன். இவள் வாகனத்துக்கு அருகில் குந்தியிருந்து மெக்கானிக்குக்கு ரோச் லைற் பிடிப்பாள், கேள்வி கேட்பாள். இத்தனை வருஷமாக அவள் அங்கே படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

சாமான் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்தது. சனி விடியவே தொடங்கினாள். சில்லு நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே நடு நட்டை இளக்க வேண்டுமாம், தூக்கினால் சில்லும் சேர்ந்து சுற்றுமாம். கடல் நடுவே போகும் எங்கள் றோட்டின் உப்பெல்லாம் பட்டு அது கறள் பிடித்து இறுகியிருந்தது. ஸ்பனரில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்றாள். அசையவில்லை. என்னையும் ஏறச் சொன்னாள். இரண்டு பேரும் வேலியில் காகங்கள் மாதிரி நின்றோம். படாரென்று நட் இளகியது. நான் விழுந்தேன், அவள் விழவில்லை.

ஜக் அடித்துத் தூக்கி, பனங்குற்றி வைத்து, சில்லைக் கழற்றினாள். பிறேக் கட்டையைத் தொங்கவிட்டால் அதன் குழாய் பழுதாகும் என்று கயிற்றால் மேலே கட்டினாள். கீழ் மூட்டு இணைப்பைக் கழற்றி, பழைய அக்சிலை நெம்பி இழுத்து, ஒழுகிய ஒயிலைப் பேசினில் பிடித்தாள். பிறகு பழையதையும் புதியதையும் சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதியது பழையதைவிட ஒரு சாண் நீளமாக இருந்தது.

“எந்தப் பக்கமெண்டு கடைக்குச் சொன்னனீங்கள்?”

“சோத்துக்கைப் பக்கம்.”

“ஆரின்ரை சோத்துக்கை?”

நான் பிக்கப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்று போனில் சொல்லியிருந்தேன். என் சோற்றுக்கைப் பக்கம் இருந்தது வாகனத்தின் இடது சில்லு.

அவள் ஏசவில்லை. “ஏறியிருந்து பாத்துச் சொல்லவேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கழற்றிய சில்லின் மேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுடைய களைப்பைக் கண்டேன்.

மத்தியான பஸ்ஸை விட்டால் கடை பூட்டிவிடும். பஸ் போய்விட்டது என்று சொன்னால் நம்புவாள். நாளைக்கு வருகிறவர் மூன்று சில்லில் நிற்கும் பிக்கப்பை அடிமாட்டு விலைக்கு ஏற்றிக்கொண்டு போவார், நான் நினைத்தது நடக்கும். இப்படி யோசித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். கழற்றிய நட்டுகளை அவள் கழற்றிய ஒழுங்கிலேயே சுளகில் அடுக்கி வைத்திருந்தாள். காலையிலிருந்து ஒரு இடத்திலும் அவசரப்படவில்லை, ஒன்றையும் இரண்டு தரம் செய்யவில்லை. முப்பது வருஷக் கந்தோர் வாழ்க்கையில் நான் ஒரு நாளும் அப்படி வேலை செய்ததில்லை. பிழையான அக்சிலைத் தோளில் தூக்கிக்கொண்டு, கட்டியிருந்த சாரத்தோடேயே ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஞாயிறு காலை, நான் கடையில் மாற்றிக் கொண்டுவந்த அக்சிலைச் செருகினாள். உள்ளே ‘டிக்’ என்று கேட்டது. இழுத்துப் பார்த்தாள், கழன்று வரவில்லை, சரியாகப் பூட்டிக்கொண்டது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். கலியாணம் கட்டிய நாளில்கூட அவள் இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மண்டைதீவுக்காரர் பத்து மணிக்கு வந்தார். சொன்ன சொல்லுக்காக அவரிடம் பிக்கப்பின் திறப்பைக் கொடுத்தேன். இறங்குதுறை வரை ஓட்டிப்போய், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஒரு சத்தமுமில்லை. அக்சில் மாத்தியிருக்கு, என்ன? எந்தக் கராஜ்?”

“மனுசிதான் மாத்தினவ.”

அவள் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பிறகேன் அண்ணை விக்கிறியள்?”

நான் கையை நீட்டினேன்.

“விக்கேல்லைத் தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்” என்று சொல்லித் திறப்பைத் திருப்பி வாங்கினேன்.