உப்புப் போடாத மூக்கடலை

சூடேறிய மணலில் கொண்டைக்கடலை வெடிக்கும்போது முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு மொத்தமாகவும் படபடவென்று சத்தம் கேட்கும். அது அடங்குவதற்குள் அம்மா இரும்புச் சட்டியை இறக்கி, சல்லடையில் கொட்டி, மணல் போக அரித்து, முறத்தில் பரப்பிவிடுவாள். சூடு பொறுக்காமல் கைக்குக் கை மாற்றி, ஊதி ஊதி வாயில் போட்டால் நறுக்கென்று உடையும், கூடவே நாக்கில் உப்புக் கரிக்கும். கடலைத் தோலின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் அந்த உப்பை நானும் தம்பியும் முதலில் நக்கித் தீர்த்துவிட்டுத்தான் கடிக்கவே ஆரம்பிப்போம்.

எங்கள் பக்கத்தில் கொண்டைக்கடலைக்கு "மூக்கடலை" என்று பெயர். அதை வறுக்கும்போது எங்கள் தெருவில் யாரும் உப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. கிணற்றுத் தண்ணீரில் கடலையை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, வறுப்பதற்கு முன்னால் அதே தண்ணீரை இன்னொரு தடவை தெளித்துப் பிசறுவார்கள், அவ்வளவுதான். ஆகவே வேர்க்கடலையில் எண்ணெய் இருப்பதுபோல மூக்கடலையில் உப்பு இருக்கிறது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள், ஆனால் கண்ணெதிரே இருப்பதை யார் போய்க் கேட்கிறார்கள்?

ஆம்பூருக்குப் பக்கத்தில், தோல் பதனிடும் டேனரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தெரு எங்களுடையது. அப்பாவுக்குத் தோல் உதறும் வேலை. அழுகாமல் இருப்பதற்காக உப்புத் தடவி அடுக்கி லாரியில் வந்து இறங்கும் தோல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த உப்பை உதறித் தள்ள வேண்டும். அப்படி உதறிய அழுக்கு உப்பு டேனரியின் பின்மதிலை ஒட்டி மேடாகக் கிடக்கும், மழை வந்தால் மேடு குறையும். அது எங்கே போகிறது என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "தோலுதான் நமக்கு சோறு போடுது" என்பார் அப்பா, அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஒரு கோடை விடுமுறையில் கணியம்பாடியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, எனக்கும் சமைக்கத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், அம்மா செய்வதுபோலவே ஊறவைத்து, உலர்த்தி, மணலில் போட்டு வறுத்து, ஒரு தட்டு நிறைய மூக்கடலையைக் கொண்டுபோய் நடுவீட்டில் வைத்தேன். சித்தி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி, உப்பே போடலியா?"

"மூக்கடலையிலயே உப்பு இருக்குமே சித்தி."

வீடே சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அது கடலையில இருக்கற உப்பு இல்ல பாப்பா. உங்கப்பா தோல்லருந்து உதறுறாரே, அந்த உப்பு. மழையில கரைஞ்சி உங்க கெணத்துல வந்து எறங்கிடுச்சி. அதத்தான் தின்னுங்கினு இருக்கீங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் திரும்பி, பையைக்கூட இறக்காமல் அம்மாவிடம் கத்தினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "தெரியும். தெரிஞ்சி இன்னா பண்ணச் சொல்ற? நல்ல தண்ணி எங்க இருக்குது?" என்றாள். தினமும் காலையில் எங்கள் வாசல் வழியாகச் சொட்டிக்கொண்டே டேனரிக்குள் போகும் டேங்கர் லாரியில் வருவது என்ன தண்ணீர் என்று கேட்டேன்.  அன்று முழுவதும் அம்மாவின் முகம் சரியாக இல்லை.

மறுநாள் டேங்கர் உள்ளே போனதும் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையில் கொஞ்சம் மூக்கடலையை முடிந்துகொண்டு கிளம்பினாள். முந்தின இரவே அப்பா கெஞ்சியிருந்தார், "பேஜார் பண்ணாத, வேலைக்கே உலை வெச்சிடுவ" என்று. அவள் காதில் வாங்கவில்லை, நானும் பின்னால் ஓடினேன். டேனரி வாசலில் மேஸ்திரி வழிமறித்தார்.

"புள்ளைங்க குடிக்க ஒரு கொடம் நல்ல தண்ணி குடுங்க மேஸ்திரி."

"இது தோலுக்கு வந்த தண்ணிம்மா. இங்க கெணத்துத் தண்ணியில உப்பு ஜாஸ்தி. அதுல போட்டா தோலு கெட்டுப்போய்டும்."

"தோலு கெட்டுப்போய்டும். அப்ப எம் புள்ளைங்க?"

 அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி மூக்கடலையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "ஒரு கல்லு உப்பு நான் போடல. தின்னு பாருங்க." அவர் நிதானமாக மென்றார். பிறகு, அந்த மனிதர் குத்தலாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார், அதுதான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: "நல்லா மொறுமொறுன்னு இருக்குதும்மா. உப்பும் கரெக்டா இருக்குது."

உள்ளே கையில் ஒரு தோலோடு அப்பா நின்றிருந்தார், தலை நிமிரவில்லை. அம்மா காலிக் குடத்தோடு திரும்பி நடந்தாள். அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை; வேலையைவிட்டு நிறுத்தும் அளவுக்குக்கூட எங்கள் கோபத்தை டேனரிக்காரர்கள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அன்றைக்கும் அதே கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது.

இப்போது நான் அந்தத் தெருவைவிட்டு வந்து பாகாயத்தில் குடியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கிணற்றை சிமென்ட் பலகை போட்டு மூடிவிட்டார்கள், தெருவில் எல்லோரும் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள், தோலுக்கு மட்டும் டேங்கர் இன்றும் தவறாமல் போகிறது. அந்தக் காலத்துத் தின்பண்டத்தின் ருசியே தனி என்று யாராவது உருகி எழுதினால் எனக்கு எரிச்சல் மண்டுகிறது. எங்கள் ருசி எங்கிருந்து வந்தது என்று வந்து பார்க்கட்டும்.

போன மாதம் தம்பி வந்திருந்தான். அவனுக்காக மணல் காயவைத்து, ஃபில்டர் தண்ணீரில் ஊறவைத்த மூக்கடலையை அளவாக உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்துக் கொடுத்தேன். நாலைந்து தின்றுவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்குது. ஆனா அம்மா பண்ற மாதிரி வரல" என்றான். அவனைக் கண்டபடி திட்டித் தீர்த்துவிட்டேன், பாவம், விழித்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

அவன் போனபிறகு தட்டில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அவன் சொன்னது சரிதான். நல்ல உப்பு, நல்ல தண்ணீர், நல்ல கடலை, இருந்தும் என்னவோ குறைகிறது. அந்தக் கசப்போடு கூடிய கரிப்பை என் நாக்கும் இத்தனை வருஷம் கழித்துத் தேடுகிறது. கிணற்றைக் கெடுத்தார்கள், அதைக்கூட ஒருநாள் விட்டுத்தள்ளலாம். அம்மாவின் கைமணம் என்று நினைத்துக்கொள்ள எங்களுக்கென்று இருந்த ஒரே ருசியையும் தோல் உதறிய உப்பாக ஆக்கிவைத்தார்களே, அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.