அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மஞ்சள் இல்லை

பிறந்து நான்கே நாட்களான ஒரு பெண் குழந்தையின் மீது, சென்ற வாரம் நான் பொறாமை கொண்டேன். வாசகர்கள் சிரிக்கலாம். எனக்கு வயது எழுபத்திரண்டு.

உலு திராமில் எங்கள் வீட்டிலும், அடுத்த வீட்டு மாணிக்கத்தின் வீட்டிலும் ஒரே நாளில் பிரசவம். என் மருமகள் கவிதா தாய்ப்பால் மட்டுமே புகட்டினாள். மாணிக்கத்தின் மகள் கொடுத்ததோ டின் பால். அரசாங்க கிளினிக்கின் மிஸ்ஸி – தாதியரை நாங்கள் அவ்வாறே அழைப்போம் – இரு வீடுகளுக்கும் வந்து, குழந்தைகளின் குதிகாலில் இரத்தம் எடுத்துச் சென்றார்.

முடிவு? எங்கள் பேரனுக்கு மஞ்சள் காமாலை. அவர் பேத்திக்கு... ஒன்றுமில்லை!

"என்னாண்ணே, பேரன் மஞ்சள்ல குளிச்ச மாதிரி இருக்கான்? எங்க புள்ளய பாருங்க லா, ரோசாப்பூ!" என்றார் மாணிக்கம், வேலிக்கு அப்பாலிருந்து.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. அன்றே அவர் வாங்கிய அதே டின்னை – அதனினும் பெரிய அளவில் – வாங்கி வந்து மருமகள் முன் வைத்தேன்.

"என் பால் பத்தலையா மாமா?" என்றாள் கவிதா. அன்று மாலை டின் பால் கலக்க அவளே நீரைக் கொதிக்க வைத்தாள்.

நல்லவேளை, அதற்குள் மிஸ்ஸி வந்துவிட்டார்.

"டின் யாரு வாங்கினது?"

"நான்தான்."

"ஐயா, தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்கு மஞ்சள் கொஞ்சம் கூடத் தெரியும். நல்லா குடிக்குது, ஒண்ணுக்குப் போவுது, எடையும் சரியா இருக்கு. லைட்ல வச்சு வைத்தியம் பாக்குற அளவுக்கு ரத்தத்துல மஞ்சள் ரீடிங் ஏறல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பிக் குடுக்கட்டும். நாளைக்கும் ரத்தம் பாக்குறேன். இதுல என்ன போட்டி?"

"அடுத்த தடவ மாமா குதிகால்ல குத்துங்க மிஸ்ஸி," என்றாள் கவிதா. அடுப்பையும் அணைத்தாள்.

இரு நாட்களில் ரீடிங் இறங்கிற்று. இதனை அறிவிக்காமல் இருக்க இயலுமா? வேலிக்கு விரைந்தேன்.

மாணிக்கம் முந்திக்கொண்டார். "அண்ணே... பால் ஊறுறதுக்குள்ள அவசரப்பட்டு டின் வாங்கியாந்தவன் நான்தான். உங்க மருமக பால் குடுக்குறதப் பாத்து எம்மக அழுவுறா. எனக்கே வயிறு எரியுது. உங்க மருமகள கொஞ்சம் வந்து பேசச் சொல்றீங்களா?"

கவிதா உடனே சென்றாள். நான் வெற்றிச் செய்தியை விழுங்கிக்கொண்டேன். கசந்தது.

ஆயினும், என்னைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறெரிந்ததே – அது சற்றே இனித்ததை மறைப்பானேன்?