எலுமிச்சை பிழிந்த நீச்சல் தொட்டி

எங்கள் கோடை முகாமின் மூன்றாம் ஆண்டு தொடக்க நாளில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன், பதினோரு பையன்களும் இருந்தார்கள். வராதது, வற்றிப்போன தாமல் ஏரியின் தண்ணீர் மட்டும்தான்.

முகாம் என்றால் செவிலிமேட்டில் எங்கள் வீடும் அதன் மொட்டைமாடியும். முதல் ஆண்டு கேரம் போர்டோடு ஓடியது. அடுத்த ஆண்டு அப்பா தன் ஷேர் ஆட்டோவில் பையன்களை ஏரிக்குக் கூட்டிப்போய் நீந்தக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். நோட்டீஸ் எழுதுவது என் வேலை. ‘நீச்சல் உறுதி, இல்லையேல் கட்டணம் வாபஸ்’ என்று இந்த ஆண்டு நானாகவே சேர்த்திருந்தேன். வாபஸ் கொடுத்தால் முகாம் அத்தோடு சரி. அம்மாவால் அதைத் தாங்க முடியாது. ஊரில் அவரை ‘மேடம்’ என்று கூப்பிடுவது முகாமுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் மட்டும்தான்.

பின்தெருச் சாயக்காரர் உறவில் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டறையை மூடியிருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் அவருடைய பெரிய சிமென்ட் தொட்டியை அப்பா இரவலாகக் கேட்டு வாங்கினார். தேய்த்துத் தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீர் நிரப்பினோம். மே மாத வெயிலில் மதியத்துக்குள் தண்ணீர் சுட்டது.

“பசங்களுக்கு வேனக்கட்டி வந்துடும்பா” என்று அம்மா குளிர்ச்சிக்காக ஒரு கூடை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றினார். தண்ணீர் லேசாகச் சிவந்தது. “லாரித் தண்ணி, செம்மண்ணு” என்றார் அப்பா.

மாலையில் வெளியே வந்த பையன்கள் கழுத்துவரை அரக்கு நிறத்தில் இருந்தார்கள். ஒருவன் சோப்பு போட்டுப் பார்த்தான். இன்னும் பளபளப்பானான்.

அழைத்துப்போக வந்த பெற்றோரில் ஒருவர் நெசவாளர். “இன்னாபா இது, என் புள்ளைய முந்தானை கலர்ல நிக்க வெச்சிருக்கீங்க?” என்று கத்தியவர், மகனின் முதுகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ஆனா திட்டே இல்ல. ஒரே சீரா ஏறியிருக்குது.”

கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த சாயக்காரர் தொட்டியை முகர்ந்தார். “எலுமிச்சம்பழமா? சூடும் புளிப்பும் சேர்ந்தாதானேம்மா பட்டுல சாயம் நிக்கும்! சிமென்ட் குடிச்சு வெச்சிருந்ததெல்லாம் புள்ளைங்க மேல ஏத்திட்டியே!”

அம்மாவின் முகம் வெளுத்தது. அந்த இடத்தில் வெளுத்திருந்தது அது ஒன்றுதான்.

“நீச்சலாவது வந்துச்சாடா?” என்று ஒரு தாய் கேட்டார்.

“வந்துடுச்சும்மா, பாரு!” பதினோரு பேரும் தொட்டியை நோக்கி ஓடினார்கள். பெற்றோர் பாய்ந்து பிடித்தார்கள்.

“வந்துடுச்சாம், வுடுங்க. வாபஸ் வாணாம்” என்றார் அந்தத் தாய். “ஆனா பனியனும் டவுசரும் புதுசா வாங்கிக் குடுத்துடுங்க, மேடம்.”

“கண்டிப்பா” என்றார் அம்மா, கடைசிச் சொல் மட்டுமே காதில் விழுந்தவர்போல.

அம்மா ‘மேடம்’ ஆகவே நீடிக்க ஆன செலவு: பதினோரு பனியன், பதினோரு டவுசர், லாரித் தண்ணீர், எலுமிச்சை, மொத்தம் நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.